வலப்பக்க இருக்கைக்கு என்ன சம்பளம்?

அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்தில் போனவர்கள் கவனித்திருப்பார்கள். டிக்கெட்டில் யுனைடெட் என்றோ டெல்டா என்றோ இருக்கும். விமானத்தின் வாலிலும் அதே நிறம், அதே சின்னம். ஏறும் கதவுக்குப் பக்கத்தில் மட்டும், இதை இயக்குவது இன்ன கம்பெனி என்று சின்ன எழுத்தில் வேறொரு பெயர் இருக்கும். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், மேசா, என்வாய் என ஏதாவது ஒன்று. இவற்றை ரீஜனல் ஏர்லைன்ஸ் என்பார்கள். 50 முதல் 76 பேர் வரை உட்காரும் சிறிய விமானங்களைப் பெரிய கம்பெனிகளுக்காக ஓட்டிக் கொடுப்பது இவற்றின் தொழில். காக்பிட்டில் இருக்கும் இருவருக்கும் சம்பளம் வருவது அந்தச் சின்ன எழுத்துக் கம்பெனியிலிருந்து. புதிதாக வேலைக்கு வரும் விமானிகளில் பெரும்பாலோர் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். வலப்பக்கத்தில், துணை விமானியாக.

அந்த இருக்கையில் உட்காருபவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது பெரும்பாலான அமெரிக்கர்களுக்குத் தெரியவந்தது ஒரு விபத்துக்குப் பிறகுதான்.

2009 பிப்ரவரி 12 இரவு. நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன 3407ஆம் எண் விமானம், இறங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பயணிகள் காண்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள். இயக்கியது கோல்கன் ஏர். வேகம் குறைந்து, கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது கேப்டன் விமானத்தின் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகத் தண்டைப் பின்னால் இழுத்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு.

ஆனால் அந்த மே மாதம் நடந்த பொது விசாரணையில் நாட்டை உலுக்கியது வேறொரு விவரம். துணை விமானிக்கு வயது 24. அவருடைய பணியிடம் நெவார்க். பெற்றோருடன் அவர் குடியிருந்தது சியாட்டில் பக்கம், நாட்டின் மறுகோடியில். முதல் நாள் இரவு சரக்கு விமானங்களில் இடம் பிடித்து, மெம்ஃபிஸில் மாறி, விடிகாலையில் நெவார்க் வந்து சேர்ந்திருக்கிறார். ஹோட்டல் அறை எடுக்கவில்லை. பணியாளர்கள் காத்திருக்கும் அறையில் சோபாவில் படுத்து எழுந்து, அன்று இரவு விமானம் ஏறியிருக்கிறார். ஜலதோஷம் வேறு. அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அதைவிடக் கூடுதல், 24,000 டாலருக்குக் கிட்டத்தில் வரும் என்று பிறகு கம்பெனி திருத்தியது. சரி, 24,000 என்றே வைத்துக்கொள்வோம். நெவார்க்கில் வாடகைக்கு வீடு எடுத்து இருக்க அது போதாது. அந்த 16,000 எப்படிப்பட்ட தொகை என்று புரிய ஒரு கணக்கு: அந்த வருடம் ஜூலையில் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் ஆனது. வாரம் 40 மணி நேரம் அந்தக் கூலிக்கு வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 15,080 டாலர்.

களைப்பு விமானிகளின் செயல்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று சொல்ல முடியவில்லை என்று விசாரணை வாரியம் நிறுத்திக்கொண்டது. சம்பளம்தான் விமானத்தை விழவைத்தது என்று யாரும் எழுதவில்லை, நானும் எழுதமாட்டேன். ஆனால் 45 பயணிகளை ஏற்றிச் செல்பவருக்குப் படுக்க ஓர் அறை எடுக்க வழியில்லாத ஏற்பாட்டை ஒரு தொழில் இயல்பாக எடுத்துக்கொண்டிருந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் பார்ப்போம். இன்று விமானியாக நினைக்கும் பிள்ளைகளும், அவர்களுக்காகக் கடன் வாங்கப்போகும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.

மணிக்கு இவ்வளவு என்றால்

விமானிக்கு மணிக்கணக்கில் சம்பளம். மணிக்கு 22 டாலர் என்று கேட்டால், அந்தக் காலத்துக்குப் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த மணி எப்போது தொடங்கும் என்பதில்தான் விஷயம். விமானம் வாசலிலிருந்து நகரும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்து பிரேக் போட்டதும் நின்றுவிடும். காலை 5 மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டு, வானிலை பார்த்து, எரிபொருள் கணக்குப் பார்த்து, டார்ச்சுடன் விமானத்தைச் சுற்றி வந்து டயரையும் இறக்கையையும் சோதிப்பது கணக்கில் வராது. ஓர் ஊரில் இறங்கி அடுத்த பயணத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பதும் வராது. பனி கொட்டி விமானம் வாசலிலேயே நின்றால் அதுவும் அப்படித்தான். 12 மணி நேரம் சீருடையில் இருந்துவிட்டு 5 மணி நேரச் சம்பளத்துடன் திரும்பும் நாள் ரீஜனலில் சாதாரணம். சிறிய விமானம், குறுகிய தூரம், ஒரே நாளில் நாலைந்து பயணங்கள். தூரப் பயணம் போகும் பெரிய விமானத்தின் விமானிக்கு இந்த வீணாகும் நேரம் குறைவு.

மாதத்துக்கு 75 மணி நேரம் அளவில் கம்பெனி உறுதி தரும். 22 டாலர், 75 மணி, 12 மாதம்: 19,800 டாலர். 2000களில் ஒரு ரீஜனல் துணை விமானியின் முதல் வருடம் ஏறக்குறைய இதுதான். வெளியூரில் தங்கும் நேரத்துக்கு மணிக்கு ஓரிரு டாலர் சாப்பாட்டுப் படி தனி.

இதில் வாழ்வதற்கென்று ஒரு வாழ்க்கைமுறையே உருவானது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து எடுப்பார்கள். அறைக்கு நாலைந்து அடுக்குக் கட்டில். யாருக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லாத படுக்கைகள், தலையணை உறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். க்ராஷ் பேட் என்பார்கள். நியூயார்க்கின் குவீன்ஸில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதியில் விமானிகளும் பணிப்பெண்களும் அப்படிக் கூட்டமாக இருந்ததால், உள்ளூர்க்காரர்கள் அதை க்ரூ கார்டன்ஸ் என்றே அழைத்தார்கள். அந்தப் படுக்கைக்குக்கூடக் காசு கொடுக்க முடியாதவர்தான் பணியாளர் அறைச் சோபாவில் படுப்பார்.

அப்புறம் கடன். பயிற்சிச் செலவு முழுக்க மாணவருடையது. இன்று அங்கே ஒரு நல்ல பள்ளியில் ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து வணிக உரிமம் வரை போக ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்துப் படித்தால் இன்னும் மேலே. அன்று செலவு குறைவுதான், ஆனால் 19,800 டாலர் வாங்கிக்கொண்டு அடைக்கக்கூடிய கடனாக அன்றும் இருக்கவில்லை.

பட்டியலில் ஓர் எண்

அப்படியென்றால் ஏன் போனார்கள்? பறக்கும் ஆசை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆசை உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் தெளிவான ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கின் பெயர் சீனியாரிட்டி.

அமெரிக்க விமானக் கம்பெனியில் சேர்ந்த அன்று விமானிக்கு ஓர் எண் தருவார்கள். எந்த விமானம், எந்த ஊர், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். ஓட்டுவதில் கெட்டிக்காரரா, சுமாரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில் ஒரு நியாயமும் உண்டு. மேலதிகாரிக்குப் பிடித்தவருக்கு நல்ல வேலை, மோசமான வானிலையில் பறக்க மறுத்தவருக்குத் தண்டனை என்கிற நிலைமை வராமல் அது தடுக்கிறது. பாதுகாப்புக்கு அது அவசியம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அது ரேஷன் கடை வரிசை மாதிரி. கடை மாறினால் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். 20 வருடம் கேப்டனாக இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போனால், அங்கே நேற்றுச் சேர்ந்த 25 வயதுக்காரருக்குப் பின்னால் முதல் வருடச் சம்பளத்துடன் தொடங்க வேண்டும். மற்ற தொழில்களில் சம்பளம் போதவில்லையென்றால் எதிர்க் கம்பெனிக்குப் போவோம். அந்தப் பயமே முதலாளியைக் கொஞ்சம் கட்டுக்குள் வைக்கும். விமானிக்கு அந்த ஆயுதம் இல்லை. அனுபவம் கூடக் கூட வெளியேறும் வழி குறுகிக்கொண்டே போகிற தொழில் இது.

ஆக, புதியவர் முதல் வருடச் சம்பளத்தைப் பார்க்கவே இல்லை. முப்பது வருடம் கழித்து பெரிய விமானத்தின் இடப்பக்க இருக்கையில், கேப்டனாக என்ன வாங்குவோம் என்று பார்த்தார். 2000ஆம் ஆண்டு வாக்கில் அது 2 லட்சம் டாலருக்கு மேல், அதோடு நல்ல பென்ஷன். ரீஜனலில் மூன்று, நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பெரிய கம்பெனியின் பட்டியலில் ஏறிவிடலாம் என்பதுதான் நம்பிக்கை. இன்றைய குறைந்த சம்பளம், நாளைய பெரிய சம்பளத்துக்கு அவர் கட்டும் முன்பணம்.

நாளை என்பது வராமல் போனால் அந்த முன்பணத்தைத் திருப்பித் தர யாரும் இல்லை. 2001க்குப் பிறகு நடந்தது அதுதான். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான விமானிகளை, பட்டியலின் அடியிலிருந்து, வீட்டுக்கு அனுப்பின. யுஎஸ் ஏர்வேஸ் 2002இலும் மறுபடி 2004இலும், யுனைடெட் 2002இலும், டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005இலும் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயின. அங்கே சம்பள ஒப்பந்தங்கள் வெட்டப்பட்டன. யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா விமானிகளின் பென்ஷன் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. அதன் பிறகு 2007 டிசம்பரில், 1960 முதல் 60 ஆக இருந்த ஓய்வு வயது 65 ஆனது. பென்ஷனை இழந்த மூத்தவர்களுக்கு அது கைகொடுத்தது. அவர்களுக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவரும் ஐந்து வருடம் அதே இடத்தில் நின்றார்கள்.

ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பெர்கர், கோல்கன் விபத்து நடந்து 12 நாள் கழித்து, 2009 பிப்ரவரி 24 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போனதையும் சொல்லிவிட்டு, தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். அவர் பட்டியலின் மேல்பகுதியில் இருந்தவர். வலப்பக்க இருக்கையில் முன்பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்!

காம்ஏர் கற்றுக்கொண்டது

பெரிய கம்பெனிகள் நொடித்த காலத்தில்தான் ரீஜனல்கள் வளர்ந்தன. 120 பேர் விமானத்தைத் தங்கள் விமானிகளை வைத்து ஓட்டுவதைவிட, 50 பேர் விமானத்தை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்து ஓட்டச் சொல்வது மலிவு. ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று பெரிய கம்பெனி பணம் கொடுத்துவிடும். எரிபொருள், டிக்கெட் விற்பனை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பல இடங்களில் விமானமே அவர்களுடையது. அப்படியானால் ஒப்பந்தத்துக்குப் போட்டியிடும் ரீஜனல்கள் எதில் விலையைக் குறைக்க முடியும்? ஆள் செலவு ஒன்றில்தான்.

இங்கே சீனியாரிட்டி இன்னொரு விதமாகக் கடிக்கிறது. வருடம் ஏற ஏற சம்பளம் ஏறும் என்பதால், பழைய ஆட்கள் நிறைந்த ரீஜனல் தானாகவே விலை கூடிய ரீஜனல் ஆகிவிடுகிறது. எல்லோரும் புதியவர்களாக இருக்கும் புதுக் கம்பெனி அடுத்த ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குத் தட்டிக்கொண்டு போகும். பழைய கம்பெனி சுருங்கும். அங்கே பத்து வருடம் சேர்த்த எண்ணுக்கு மதிப்பில்லாமல் போகும். அந்த விமானி புதுக் கம்பெனியில் போய் மறுபடி முதல் வருடம் தொடங்குவார். சில சமயம் அதே வழித்தடத்தில், அதே நிற விமானத்தில்.

சின்சினாட்டியை மையமாகக் கொண்ட காம்ஏர் விமானிகள் இதை எதிர்த்து நின்றார்கள். டெல்டாவுக்குச் சொந்தமான ரீஜனல் அது. 2001 மார்ச் 26 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 89 நாள் தாக்குப்பிடித்தார்கள். கம்பெனி முழுக்க நின்றுபோனது. நல்ல ஊதிய உயர்வோடு திரும்பினார்கள், அன்றைய ரீஜனல்களில் மிகச் சிறந்த ஒப்பந்தங்களில் ஒன்று அது. அதன் பிறகு டெல்டா திவாலானது, காம்ஏரும் கூடவே போனது, விமானங்கள் குறைந்துகொண்டே வந்தன. 2012 செப்டம்பர் இறுதியில் காம்ஏர் மூடப்பட்டது. 50 இருக்கை விமானங்கள் பழையதாகிவிட்டன, செலவு கட்டுப்படியாகவில்லை என்றது டெல்டா. வேலைநிறுத்தம்தான் காரணம் என்று ஒரே வரியில் சொல்வது நியாயமாக இருக்காது. எரிபொருள் விலையும் அந்தச் சிறிய ஜெட்டுகளின் பொருளாதாரமும் சேர்ந்தே கெடுத்தன. ஆனால் மற்ற ரீஜனல் விமானிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: ஜெயித்தால்கூட நிலைக்காது. அடுத்த பல வருடங்கள் சம்பளம் அப்படியே கிடந்ததற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

கடைசியில் ஏறியது எப்படி

3407இல் இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாஷிங்டனுக்கு அலைந்தார்கள். அவர்களுடைய உழைப்பால் 2010 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. அதுவரை சுமார் 250 மணி நேரம் பறந்து வணிக உரிமம் வாங்கியவர் சட்டப்படி துணை விமானியாக உட்காரலாம். 2013 முதல் அதற்கு 1,500 மணி நேரம் வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750, விமானத் துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 எனச் சலுகை உண்டு. ஓய்வு நேர விதிகளும் 2014 ஜனவரியில் கடுமையாயின. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு.

கோல்கன் விமானிகள் இருவரும் விபத்தின்போது 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்தான். அதனால் இந்த விதி பாதுகாப்புக்கு உண்மையில் என்ன செய்தது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. குடும்பங்களும் விமானிகள் சங்கமும் அதைக் கண்போல் காக்கிறார்கள். அதன் பிறகு அமெரிக்க ரீஜனல்கள் பல வருடம் பெரிய விபத்தில்லாமல் ஓடின என்று காட்டுகிறார்கள். ரீஜனல் முதலாளிகளோ, வெறும் மணிக்கணக்கு திறமையாகாது, இது ஆள் வரத்தை அடைத்துவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை ஓய்வு விதிகளின் பயனைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். மணிக்கணக்கைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் சம்பளத்துக்கு அது செய்ததில் சந்தேகமில்லை. 250க்கும் 1,500க்கும் நடுவே இருக்கும் மணி நேரத்தைச் சேர்க்க வேண்டுமே. பெரும்பாலோர் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் ஆவார்கள். மழை பெய்தால் வகுப்பில்லை, வகுப்பில்லையென்றால் காசில்லை. சிலர் கடற்கரையில் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பார்கள். சிலர் எரிவாயுக் குழாய்களின் மேலே தாழப் பறந்து கசிவு பார்ப்பார்கள். பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே ஏற்றி இறக்குவோரும் உண்டு. இப்படி இரண்டு வருடம் போன பிறகு 20,000 டாலர் வேலை என்றால் யார் வருவார்? வந்தவர்கள் குறைந்தார்கள்.

வயோமிங்கின் ஷயானில் இருந்த கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ், சிற்றூர்களுக்கு 19 இருக்கை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. அது பாதிக்கு மேல் இருக்கைகளைக் கழற்றி 9 ஆக்கியது. 9 இருக்கை என்றால் வேறு விதி, 1,500 மணி நேரத் துணை விமானி தேவையில்லை. அப்படியும் தாங்கவில்லை, 2018 மார்ச்சில் நின்றது. ரிபப்ளிக் 2016 பிப்ரவரியில், விமானி தட்டுப்பாட்டையும் காரணமாகச் சொல்லித் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்தக் காலத்திலிருந்துதான் ரீஜனல்கள் சேரும்போதே கையில் போனஸ் கொடுக்க ஆரம்பித்தன. அதையும் சேர்த்தால் சில இடங்களில் முதல் வருடமே 50,000 டாலரைத் தாண்டியது.

கொரோனா வந்தது. பெரிய கம்பெனிகள் பணம் கொடுத்து மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெற வைத்தன. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பயணிகள் திரும்பியதும் ஆளில்லை. ரீஜனல்களிலிருந்து வாரிக்கொண்டார்கள். 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அதில் ஒரு பகுதி தற்காலிக உயர்வுதான். இருந்தாலும் கணக்குப் போடுங்கள்: 90, 75, 12. வருடத்துக்கு 81,000 டாலர். ஆகஸ்டில் மேசா 100 டாலர் என்றது. அடுத்த வருடம் டெல்டா நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வுக்கு ஒப்புக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

விமானி தட்டுப்பாடு என்பதே கிடையாது, சம்பளத் தட்டுப்பாடுதான் என்று சங்கம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது. பணம் இல்லை, ஒப்பந்தம் இடம் தராது என்றார்கள் ரீஜனல்கள். ஒரே கோடையில் மணிக்கு 90, 100 டாலர் கொடுக்க முடிந்திருக்கிறது. சங்கம் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதே சமயம் இதற்கு ஒரு விலையும் இருந்தது. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் ஓட்டிவந்த 29 சிற்றூர்களை விட்டு விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தது. பல ஊர்களில் 50 இருக்கை விமானம் நின்றது நின்றதுதான்.

இன்று எதைத் தேர்ந்தெடுப்பது

முதல் வருடச் சம்பளம் ஏறிவிட்டது. ஆனால் பட்டியலும் எண்ணும் அப்படியே இருக்கின்றன. அதனால் புதியவரின் முடிவுகளில் மிகப் பெரியது இன்றும் எந்தத் தேதியில், எந்தப் பட்டியலில் ஏறுகிறோம் என்பதுதான்.

2022, 2023இல் அவசரம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ரீஜனலில் கேப்டன் ஆகக் காத்திருக்காமல், ஏர்பஸ் ஓட்டலாம் என்று ஸ்பிரிட் போன்ற மலிவு விலைக் கம்பெனிகளுக்குப் பலர் தாவினார்கள். ஸ்பிரிட்டை ஜெட்புளூ வாங்கப்போகிறது, வாங்கினால் பெரிய பட்டியலில் நாமும் இருப்போம் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் நீதிமன்றம் அந்த இணைப்பைத் தடுத்தது. எஞ்சின் கோளாறால் ஸ்பிரிட்டின் விமானங்கள் தரையில் நின்றன. அந்த வருடம் செப்டம்பரிலேயே ஆட்குறைப்பு தொடங்கியது. நவம்பரில் திவால் பாதுகாப்பு, 2025 ஆகஸ்டில் மறுபடியும். வெளியே போனவர்கள் பட்டியலின் அடியில் இருந்தவர்கள், அதாவது கடைசியாக நம்பி வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ரீஜனல்களில், கூடவே சேர்ந்து அங்கேயே இருந்தவர்கள் அதற்குள் கேப்டன் ஆகியிருந்தார்கள்.

இதை வைத்து ஓரிடத்திலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022இல் தாவி யுனைடெட்டிலோ டெல்டாவிலோ ஏறியவர்கள், தங்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததால் விறுவிறுவென்று மேலே போனார்கள். இருவருடைய உழைப்பும் திறமையும் ஒன்றுதான். வேறு சிலர் சரக்குக் கம்பெனியையோ தனியார் ஜெட்டையோ தேர்ந்தெடுக்கிறார்கள். விமானப்படையில் சேர்ந்தால் பயிற்சிக்குக் காசில்லை, ஆனால் பயிற்சி முடிந்த பிறகு 10 வருடம் பணி செய்தாக வேண்டும். கடனே இல்லாத வழி என்பதால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய வாசல்.

அனுபவப்பட்டவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இது: போனஸைப் பார்க்காதே, வீட்டிலிருந்து காரில் வேலைக்குப் போகக்கூடிய ஊரைத் தருகிற கம்பெனியைப் பார். சியாட்டிலிலிருந்து நெவார்க் வரை இரவு முழுக்கப் பயணம் செய்த அந்த 24 வயதுப் பெண்ணை நினைத்தால் அதன் எடை புரியும்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

தமிழ்நாட்டிலிருந்தும் அமெரிக்காவுக்கு விமானப் பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. பொருந்தாததைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் போகிறவர், படிக்கும்போது சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. முடித்த பிறகு கிடைக்கும் செய்முறைப் பயிற்சி அனுமதியும் அதிகபட்சம் ஆறு மாதம். அமெரிக்கப் பிள்ளைகள் பயிற்றுநராக இருந்து 1,500 மணி நேரம் சேர்க்கும் பாதை, ஆக, அவருக்கு ஏறக்குறைய மூடியே இருக்கிறது. அங்கே மணிக்கு 90 டாலர் என்ற செய்தி அவருக்கான செய்தி இல்லை. அவர் 200 மணி நேரத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, இந்திய விமானத் துறையின் அரசு ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகள் எழுதி, இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். இந்தியாவில் 1,500 மணி நேர விதி கிடையாது. 200 மணி நேரத்தோடு நேராக ஏர்பஸ் ஏ320இன் வலப்பக்கத்தில் உட்காரலாம். அது நல்ல விஷயம்போலத் தெரியும். ஆனால் அந்த விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும், அதன் செலவும் பெரும்பாலும் மாணவர் தலையில். எல்லாம் சேர்ந்து அரைக்கோடிக்குக் குறைவாக முடிவது அரிது. விமானக் கம்பெனியே மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம் என்றால் ஒரு கோடியைத் தொடும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு, வேலைக்கான அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் உரிமக்காரர்கள் நம் நாட்டில் எப்போதும் உண்டு.

கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மை. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம். மூன்றிலும் விமானிகளுக்குச் சம்பள பாக்கி. வெளியேறவும் உடனே முடியாது. 2017இல் வந்த டிஜிசிஏ விதிப்படி துணை விமானி ஆறு மாதம் முன்னதாக, கேப்டன் ஒரு வருடம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

மணிக்கணக்கு இங்கேயும் அப்படித்தான். ஏர் இந்தியாவோடு இணையப்போகும் நேரத்தில் விஸ்தாரா, உறுதி தரும் மணி நேரத்தை மாதத்துக்கு 70இலிருந்து 40 ஆக்கும் புதிய சம்பள முறையை விமானிகளிடம் நீட்டியது. அதற்கு மேல் பறந்தால் தனியே கிடைக்கும், பறக்காவிட்டால் இல்லை. துணை விமானிகளுக்கு அது கணிசமான வெட்டு. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பலர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட, விமானங்கள் வரிசையாக ரத்தாயின.

ஆகவே ஒரு பயிற்சிப் பள்ளிக்கோ கேடட் திட்டத்துக்கோ பணம் கட்டுவதற்கு முன், விளம்பரத்தில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தை ஓரமாக வையுங்கள். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி என்று கேளுங்கள். விமானப் பயிற்சிச் செலவு யாருடையது, இடையில் விலகினால் பத்திரப்படி எவ்வளவு கட்ட வேண்டும், பயிற்சி முடிந்து முதல் சம்பளம் வரும்வரை எத்தனை மாதம், அந்த மாதங்களில் வங்கித் தவணை ஓடுமா என்று கேளுங்கள். கடைசியாகப் படித்து முடித்த பிரிவில் எத்தனை பேர் இன்று உண்மையில் பறந்துகொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.